அடங்காப்பற்றுக்கு வந்த அப்புக்காத்து

காடுதான் வவுனியாவுக்குப் பாராளுமன்ற ஆசனம் வாங்கிக் கொடுத்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது வவுனியா மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். இன்றைய முல்லைத்தீவின் பெரும்பகுதியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான். 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பது சோல்பரி அரசியலமைப்பின் கணக்கு. தலையை மட்டும் எண்ணிப் பிரித்திருந்தால் வவுனியா வேறொரு பெரிய தொகுதிக்கு வாலாகப் போயிருக்கும். ஆனால் அதே அரசியலமைப்பு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் வீதம் கூடுதலாகவும் தந்தது. வட மாகாணத்தின் பரப்பு 3,000 சதுர மைலைத் தாண்டும். அதில் பெரும்பகுதி குடாநாட்டுக்கு வெளியே கிடக்கும் பெருநிலம். ஆள் கணக்கில் ஆறு, நிலக் கணக்கில் மூன்று என்று வடக்குக்கு ஒன்பது ஆசனங்கள் வந்தன. பாலையும் முதிரையும் நின்ற காட்டைக் காட்டி வாங்கியதால்தான் வவுனியா தனித் தொகுதியாயிற்று.

1947இல் அந்தத் தொகுதி அனுப்பிய முதல் உறுப்பினர் வன்னியில் பிறந்தவர் அல்லர். குடாநாட்டில் உரும்பிராய் ஊரவர், கொழும்பில் வாழ்ந்தவர், ஒக்ஸ்போர்ட்டில் கணிதம் படித்தவர், அப்புக்காத்து, ஓய்வுபெற்ற பேராசிரியர். பெயர் செல்லப்பா சுந்தரலிங்கம். பதின்மூன்று ஆண்டுகள் வவுனியாவின் பெயரில் பேசினார். அந்தக் காலத்துக்குள் ஓர் அமைச்சர் பதவியையும் இரண்டு தடவை ஆசனத்தையும் தாமாகவே விட்டெறிந்தார். இத்தொடரில் இதுவரை வந்தவர்களுள் இவரைப் போல வன்னி வாக்காளரைச் சிரமப்படுத்தியவர் வேறொருவர் இல்லை. இவரைப் போல அவர்களால் திரும்பத் திரும்பத் தெரிவு செய்யப்பட்டவரும் இல்லை.

அவரிடம் வருமுன் 19ஆம் நூற்றாண்டை ஒரு கணம் நினைவூட்டிக்கொள்ள வேண்டும். 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் சேர்த்து இருந்தது ஓர் ஆசனம். அதற்கும் தேர்தல் கிடையாது, ஆளுநர் நியமிப்பார். முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசாமி முதலியார். அவருக்குப் பின் சைமன் காசிச்செட்டி, எதிர்மன்னசிங்கம் என்று சில காலம் வேறு கைகளுக்குப் போய், 1860களின் தொடக்கத்தில் ஆசனம் குமாரசாமியின் மகன் முத்துக்குமாரசாமியிடம் திரும்பியது. 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானவர் இவர். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அங்கே பாரிஸ்டர் ஆனது அதுவே முதல் தடவை. 1879இல் அவர் மறைய, அவருடைய சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதன் வந்தார். இராமநாதனுக்குப் பின் அவருடைய தமையன். தமிழரின் குரல் என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் கொழும்பில் ஒரே வீட்டுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. சட்டம் படித்தவர் தமிழருக்காகப் பேசுவார் என்ற வழக்கமும் அந்த வீட்டிலிருந்தே தொடங்கியது. அந்த ஆசனத்தில் பனங்காமமும் முள்ளியவளையும் செட்டிகுளமும் அடக்கம் என்பது காகிதத்தில் மட்டும் இருந்த சங்கதி. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்து மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி அமைந்த பிறகுதான் வன்னிக்காரர் தம் கையால் ஒருவரைத் தெரிந்தனர்.

சுந்தரலிங்கம் பிறந்தது 1895 ஓகஸ்ட் 19இல். பெயர்போன சகோதரர்கள் கொண்ட குடும்பம் அது. நாகலிங்கம் உயர் நீதிமன்ற நீதியரசராகி, 1954இல் பதில் மகாதேசாதிபதியாகவும் இருந்தார். பஞ்சலிங்கம் டாக்டர், தியாகலிங்கம் கியூ.சி. பட்டம் பெற்ற சட்டத்தரணி. அமிர்தலிங்கம் கடற்றொழில் திணைக்களப் பணிப்பாளர். யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ், கொழும்பு சென் ஜோசப், இலண்டன் பல்கலைக்கழகம், ஒக்ஸ்போர்ட் பேலியோல் கல்லூரி என்று போன சுந்தரலிங்கம், இந்திய சிவில் சேவைப் பரீட்சையில் தேறிய பின் இலங்கை சிவில் சேவைக்கு வந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத் தகப்பன்மார் பிள்ளைகளுக்காகக் கண்ட கனவின் உச்சிக்கொம்பு அது. அதில் ஏறிய கொஞ்ச நாளிலேயே இறங்கிவிட்டார். இறங்கிப் போன இடம் இன்னும் வியப்பு: கொழும்பு ஆனந்தாக் கல்லூரி. பி.டி.எஸ். குலரத்ன அதிபராயிருந்த அந்தப் பௌத்த கல்லூரிக்கு ஒரு சைவத் தமிழர் உப அதிபர். பின்னர் 1921இல் திறந்த இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகி, 1940இல் ஓய்வு பெற்றார். இடையில் அப்புக்காத்தாகவும் பதிந்திருந்தார். ‘புரொபெசர்’ என்ற அழைப்பு மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

இந்தக் கணிதப் பேராசிரியரின் பெயர் அரசியலில் முதலில் அடிபட்டது தமிழருக்கு எதிரான ஒரு கணக்கில். கதை சற்றுச் சிக்கலானது. ஆனாலும் பொறுமையாகப் பார்க்க வேண்டியது.

டொனமூர் அரசியலமைப்பின்படி அரசாங்க சபையில் கட்சி அமைச்சரவை கிடையாது. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குள் வாக்கெடுத்துத் தலைவரைத் தெரியும். அந்தத் தலைவரே அமைச்சர். 50 தெரிவுசெய்யப்பட்டோர், 8 நியமனத்தர் என்று 58 பேரில் சபாநாயகர் போக மிஞ்சுவோர் 57. ஏழால் பிரித்தால் ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், ஒன்றில் மட்டும் ஒன்பது. ஆகவே ஐந்து பேரின் ஆதரவு கையில் இருந்தால் ஒரு குழுவின் அமைச்சர் யார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1931இல் யாரும் இப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. மலையகத்தின் பெரி சுந்தரமும் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் அமைச்சர்களாயினர். 1936இல் குழுக்களுக்கு ஆட்களைப் பங்கிட்ட விதத்தில் ஏழிலும் சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாக அமைந்தனர். ஏழு அமைச்சர்களும் சிங்களவர். எங்கும் ஆள் வீணாகக் குவியாமல், எங்கும் ஒருவர் குறையாமல், எல்லாக் குழுவிலும் போதுமான ஆட்கள் விழ வேண்டும். இப்படிப் பங்கிடுவது மேடைப் பேச்சாளரால் ஆகிற காரியம் அல்ல, அதற்குப் பென்சிலும் கடதாசியும் வேண்டும். அந்தப் பென்சில் சுந்தரலிங்கத்தின் கையில் இருந்தது என்பது அக்கால அரசியலை எழுதியவர்கள் பலர் சொல்லிவரும் செய்தி. தமிழர் அரசியலில் அவர்மேல் விழுந்த முதல் பழி இது. அமைச்சர்கள் ஒரே குரலில் கேட்டால்தான் பிரித்தானியர் அதிகாரத்தைக் கைவிடுவார்கள் என்பது அந்த ஏற்பாட்டுக்கு அன்று சொல்லப்பட்ட நியாயம். டி.எஸ். சேனநாயக்கவின் நட்புவட்டத்தில் இருந்த சுந்தரலிங்கமும் அந்த நியாயத்தை நம்பினார் என்றே நான் நினைக்கிறேன். சிங்களத் தலைவர்களுடன் சேர்ந்து சுயாட்சி வாங்குவோம், பங்கைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று எண்ணிய தலைமுறையின் ஆள் அவர். பங்கு பேச வேண்டிய நேரம் வந்தபோது என்ன நடந்தது என்பதுதான் அவருடைய மீதி வாழ்க்கை.

1947 பொதுத் தேர்தல் ஓகஸ்ட் 23 தொடங்கி செப்டெம்பர் 20 வரை நாள் நாளாகப் பிரித்து நடந்தது. குடாநாட்டில் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் அலை. சேனநாயக்கவோடு ஒத்துப்போனவர் என்ற ஒரே காரணத்துக்காக, சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன் மகாதேவாவே யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலத்திடம் தோற்றார். அந்த வெயிலில் சுந்தரலிங்கம் உரும்பிராயில் நின்றிருந்தால் வாடிப்போயிருப்பார். வவுனியாவில் அந்தச் சூடு இல்லை. கட்சிக் கிளைகள் பரவாத பெருநிலம். ஓமந்தைக்கும் நெடுங்கேணிக்கும் இடையே, மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கரைக்குப் போகும் வழியெங்கும், குளத்துக்கொரு ஊர் என்று சிதறிக் கிடந்த வாக்காளர். அங்கே சின்னத்தைவிட ஆள் பெரிது. சுயேச்சையாக நின்றார், வென்றார்.

செப்டெம்பர் 26இல் சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக வாணிப அமைச்சராகப் பதவியேற்றார். அதே அமைச்சரவையில் தபால், தொலைத்தொடர்பு அமைச்சர் சி. சிற்றம்பலம், மன்னார்ச் சுயேச்சை. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்த இரண்டு தமிழர்களும் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து, மக்கள் தொகை மிகக் குறைந்த இரண்டு தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணம் கோபித்துக்கொண்டு எதிரணியில் இருக்க, பெருநிலத்தின் இரண்டு ஆசனங்கள் தமிழரின் சம்மதத்துக்குச் சாட்சியாகக் காட்டப்பட்டன. சேனநாயக்கவுக்கு இது மிக மலிவாகக் கிடைத்த சாட்சி. வவுனியாவிலும் மன்னாரிலும் வாக்களித்தவர்களிடம் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

சம்மதம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1948 ஓகஸ்டில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமூலம் வந்தது. தோட்டங்களில் வாழ்ந்த சுமார் ஏழு இலட்சம் இந்திய வம்சாவளித் தமிழரைப் பிரசைகள் அல்லாதவர்களாக்கிய சட்டம் அது. அது நிறைவேறியபோது சுந்தரலிங்கம் அமைச்சராகவே இருந்தார்; பதவியைத் துறக்கவில்லை. அவர்மேல் இருக்கும் இரண்டாவது குறை இது, என்னால் எளிதில் தள்ளிவிட முடியாத குறை. டிசம்பர் 10ஆந் தேதி இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. பிரசாவுரிமை கேட்போர் எத்தனை ஆண்டு வதிவுக்கு என்னென்ன அத்தாட்சி காட்ட வேண்டும் என்று முள்வேலி கட்டிய சட்டமூலம். அன்று சுந்தரலிங்கம் எழுந்து சபையைவிட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கத்துக்குப் பதிலாக இராஜினாமா போயிற்று.

அந்தச் சில மாதங்களில் நடந்த இடமாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஓகஸ்டில் எதிரணியில் இருந்த பொன்னம்பலம் செப்டெம்பரில் கைத்தொழில் அமைச்சராக உள்ளே வந்தார். டிசம்பர் சட்டமூலத்துக்கு ஆதரவாக நின்றார். உள்ளே இருந்த சுந்தரலிங்கம் வெளியே போனார். சிற்றம்பலம் இருந்த இடத்திலேயே இருந்தார். காங்கிரஸுக்குள் மூண்ட சண்டையில் செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். தமிழரசுக் கட்சியின் வரலாற்றை மேடைகளில் சொல்பவர்கள், முதலில் பதவியைத் தூக்கியெறிந்தவர் வவுனியா உறுப்பினர் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் பிறகு அவர்களையும் விட்டுவைக்காமல் திட்டியது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு கணிதக்காரர் அந்தச் சட்டத்தில் என்ன கண்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆசனப் பங்கீட்டில் எண்ணப்பட்டவர்கள் வாக்காளர்கள் அல்லர், மக்கள் எல்லோரும். தோட்டத் தொழிலாளரின் தலைகள் மலைநாட்டு ஆசனக் கணக்கில் தொடர்ந்து நின்றன. 1949இல் வாக்குரிமை மட்டும் போயிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு 6 ஆசனங்கள். 1952இல் ஒன்றும் இல்லை. அந்த ஆசனங்கள் மறையவில்லை, சிங்கள வாக்காளர் கைக்கு மாறின. வாக்கில்லாதவர்களின் தலையைக் காட்டியே வாக்குள்ளவர்களின் பலம் பெருகியது. 1936இன் பென்சில் கணக்குக்கு ஓர் அமைச்சரவைக் காலம்தான் ஆயுள் என்றால், 1948இன் கணக்குக்குப் பல தலைமுறை.

அதற்குப் பிறகு வந்த சுந்தரலிங்கம் வேறொரு ஆள். 1951இல் தேசியக் கொடி முடிவாயிற்று. வாளேந்திய சிங்கத்துக்குப் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமாக இரண்டு வர்ணப் பட்டிகள் சேர்க்கப்பட்டன. அதை எதிர்த்து ஆசனத்தை இராஜினாமாச் செய்தார். இடைத்தேர்தல் வைத்தார்கள், வவுனியா அவரையே திருப்பி அனுப்பியது. 1952 பொதுத் தேர்தலிலும் அவரே. 1955இல், சிங்களம் மட்டும் என்ற கோஷம் எழுந்துகொண்டிருந்தபோது, வேறொரு வழியைப் பிடித்தார். தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராத உறுப்பினரின் ஆசனம் தானாக வெறிதாகும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கடிதமும் எழுதவில்லை, அறிக்கையும் விடவில்லை. நாள் எண்ணிக்கொண்டு வெளியே இருந்தார், ஆசனம் போயிற்று. மறுபடி இடைத்தேர்தல், மறுபடி அவர். சட்டம் படித்தவரின் சத்தியாக்கிரகம் இப்படித்தான் இருக்கும் போலும். 1956 பொதுத் தேர்தலில் வடக்கின் ஒன்பதில் ஆறைத் தமிழரசுக் கட்சி அள்ளிக்கொண்டு போனபோதும் வவுனியா அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம், பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கந்தையா, வவுனியாவில் சுந்தரலிங்கம், இந்த மூவரே அலைக்கு வெளியே நின்றவர்கள்.

வன்னிக்கு அடங்காப்பற்று என்பது பழைய பெயர். தம்மை ‘அடங்காத் தமிழன்’ என்று சொல்லிக்கொண்டவர் சுந்தரலிங்கம். சனங்களுக்கும் அது பிடித்துப்போயிற்று, பட்டப்பெயராகவே நின்றுவிட்டது.

சரி, வன்னிக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியை நான் தவிர்க்க விரும்பவில்லை, ஏனென்றால் அந்தப் பதின்மூன்று ஆண்டுகள் வன்னி வேகமாக மாறிய ஆண்டுகள். 1946 முதல் டி.டி.ரி. தெளித்து நுளம்பை அடக்கியபின் மலேரியா தணிந்தது. ‘வன்னிக்குப் போனால் காய்ச்சலோடுதான் வருவாய்’ என்று பயந்திருந்த குடாநாட்டவர் காணி தேடி வரத் தொடங்கினர். பாழடைந்து கிடந்த வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களைத் திருத்தும் வேலை 1950களில் நடந்தது. காடு வெட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. 1946இல் 23,000 ஆக இருந்த மாவட்டம் 1953இல் 35,000 ஆகவும் 1963இல் அதன் இரு மடங்கை எட்டுமளவுக்கும் பெருகியது. காணி யாருக்கு, நீர் யாருக்கு, எல்லைக் கிராமங்களில் குடியேறுவது யார் என்பவையே வன்னியின் உண்மையான அரசியலாக உருவெடுத்தன. தெற்கு எல்லைக்கு அப்பால் பதவியாவில் அது வெளிப்படையாகவே வெடித்தது. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது வேலையிழந்த தமிழ்த் தொழிலாளருக்கு அங்கே காணி கொடுக்கும் யோசனை எழுந்தது. அவர்கள் வருமுன் சிங்களக் குடியேற்றவாசிகள் காணியைப் பிடித்து நின்றனர், யோசனை செத்தது.

குளம், காணி, வாய்க்கால் விசயங்களில் ஒரு தொகுதி உறுப்பினர் செய்ய வேண்டியது கச்சேரிக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அலைவது. உறுப்பினர் மாதக்கணக்கில் சபைக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டிக்கொண்டிருந்தால் அந்த அலைச்சலை யார் செய்வது? சுந்தரலிங்கத்தின் பேச்சுகள் கொடி, மொழி, பிரசாவுரிமை, இறைமை என்று எல்லாத் தமிழருக்கும் உரிய பெரிய விசயங்களிலேயே எரிந்தன. வவுனியா ஆசனம் அவருக்கு ஒரு மேடை. நல்ல மேடை, உறுதியான மேடை. ஆனாலும் அந்த மேடையைத் தாங்கி நின்ற விவசாயிக்கு வான்கதவு உடைந்தால் சொல்ல ஆள் தேவை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: அமைச்சராகவே தொடர்ந்திருந்தால் வவுனியாவுக்கு நிறையக் கொண்டுவந்திருக்கலாம் என்று அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை. தெரிந்தேதான் விட்டார். வாக்காளருக்கும் அது தெரியும். தெரிந்தும் அனுப்பினார்கள். காரியம் பார்த்து மட்டும் வாக்களிப்பவர்கள் கிராமத்துச் சனங்கள் என்று எண்ணும் படித்தவர்களுக்கு அந்த இரண்டு இடைத்தேர்தல்கள் நல்ல பதில்.

1957இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் பிரதேச சபைகள் பற்றி ஒப்பந்தம் செய்து, அது அடுத்த ஆண்டே கிழிந்தது. சமஷ்டி கேட்டவர்களுக்குப் பிரதேச சபைகூடக் கிடைக்கவில்லை. சுந்தரலிங்கம் அதற்குள் சமஷ்டியைத் தாண்டிப் போயிருந்தார். 1959இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி என்று ஒன்றைத் தொடங்கி, தமிழருக்குத் தனி அரசு என்றே வெளிப்படையாகச் சொன்னார். தமிழரசுக் கட்சியின் வாரிசுகள் வட்டுக்கோட்டைத் தொகுதியில் பண்ணாகத்தில் கூடித் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்தது 1976 மே 14இல். பதினேழு ஆண்டு முந்திவிட்ட கோரிக்கை, பின்னால் வர ஆளில்லாத கோரிக்கை. முன்னணி என்றாலும் பெரும்பாலும் அவர் ஒருவரே முன்னும் பின்னும். 1960 மார்ச் தேர்தலில் வவுனியா வாக்காளர் தா. சிவசிதம்பரத்தைத் தெரிந்தனர். சுந்தரலிங்கம் தோற்றார். அதன்பின் அவருக்குப் பாராளுமன்றம் கிடைக்கவேயில்லை. கடிதங்களும் துண்டுப் பிரசுரங்களும் அவருடைய ஆயுதமாயின. ஈழக் கோரிக்கை பற்றிய தம் ஆவணங்களைத் தொகுத்து 1967இல் கொழும்பில் ஆங்கில நூலாக அச்சிட்டார்.

இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் உண்டு. காலத்துக்கு முந்திய தீர்க்கதரிசி என்று மாலை போட்டு முடித்துவிடலாம். 1968 அதற்கு இடம் தராது.

அவ்வாண்டு திருவிழாக் காலத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு வந்து அமர்ந்தனர். கேட்டது புதுச் சலுகை அல்ல. 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏற்கெனவே அந்த உரிமையைத் தந்திருந்தது. சாதி காரணமாக ஒருவரைப் பொது வழிபாட்டிடத்துக்குள் விடாமல் தடுப்பது குற்றம். சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும் தேநீர்க்கடைக் கதவுகளில் தொடங்கிய போராட்டம் கோயில் வாசலுக்கு வந்திருந்தது. வாசலை மறித்து நின்ற உயர்சாதிக்காரர்களுக்கு முன்னால் நின்றவர் சுந்தரலிங்கம். வயது 72. சிங்களப் பெரும்பான்மை தமிழனை வெளியே நிறுத்துகிறது என்று இருபது ஆண்டு கத்தியவர், தமிழன் ஒருவனை முருகன் சந்நிதிக்கு வெளியே நிறுத்தக் குறுக்கே நின்றார். ஆகம மரபு, கோயிலின் வழமை, ஆதீன உரிமை என்று சட்டத்தரணியின் மொழியில் நியாயம் சொல்லப்பட்டது. 1948 டிசம்பரில் ஏழு இலட்சம் பேருக்காக எழுந்து நடந்த அதே கால்கள்தான்.

மாவிட்டபுரம் இருந்தது செல்வநாயகத்தின் காங்கேசன்துறைத் தொகுதியில். அவர் கட்சி அப்போது டட்லி சேனநாயக்கவின் கூட்டரசில் பங்காளி. தமிழரின் உரிமைக்குக் குரல் தந்த கட்சியும் அந்த வாசலில் தெளிவான ஒரு பக்கத்தைப் பிடிக்கத் தயங்கியது. தயக்கத்தோடு ஒப்பிட்டால் சுந்தரலிங்கத்தின் எதிர்ப்பு நேர்மையானது என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றே.

வழக்கு வந்தது. குற்றவாளி எனத் தீர்ப்பு, அபராதம். அவர் விடவில்லை. தனி ஈழ இறைமை கேட்டவர், இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை மேன்முறையீடு கொண்டுபோனார். இலங்கையிலிருந்து அங்கே போகும் வழக்குகளுக்கு 1971இல் கதவு சாத்தப்பட்டது. அதற்கு முன் கேட்கப்பட்ட கடைசிக்கால வழக்குகளில் இதுவும் ஒன்று. அங்கும் தோல்வி. சாதித் தடைக்கு எதிரான அந்தச் சட்டத்தின் வரலாற்றில் அவர் பெயர் எதிரியாகப் பதிவாகி நிற்கிறது. இடையில் 1970 பொதுத் தேர்தலில் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று பார்த்தார், அங்கும் தோற்றார். மாவிட்டபுரத்தில் அவர் பின்னால் நின்றவர்கள்கூட எல்லோரும் வாக்குப் பெட்டிவரை வரவில்லை போலும்.

இந்த மனிதரை என்னவென்று எழுதுவது? வன்னியில் முதியவர்கள் பலர் அவரைப் பெருமையோடு நினைவுகூருகிறார்கள். குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட கிராமங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும். இரண்டும் நியாயமான நினைவுகள். ஒன்றைக்கொண்டு மற்றதை அழிக்க எனக்கு மனமில்லை. அவருடைய பிடிவாதம் இரண்டு இடத்திலும் ஒன்றே. தாம் சரியென்று வகுத்துக்கொண்ட கோட்டுக்கு முன்னால் பதவியையும் தோழரையும் காலத்தையும் துச்சமாக எண்ணும் குணம். அந்தக் கோட்டை அவர் எங்கே கீறினார் என்பதில்தான் வித்தியாசம்.

1985 பெப்ரவரி 11இல் சுந்தரலிங்கம் காலமானார். அப்போது வவுனியா அவர் வென்ற வவுனியா அல்ல. 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. 1984இல் கிளிநொச்சியும் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. 1970களின் தோட்டப் பஞ்சத்தையும் 1977 கலவரத்தையும் அடுத்து, அவர் 1948இல் யாருக்காக அமைச்சர் பதவியை விட்டாரோ அந்த மலையகத் தமிழர் குடும்பம் குடும்பமாக வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறியிருந்தனர். காடு வெட்டினர், பிறர் வயலில் கூலி வேலை செய்தனர், காந்தீயம் போன்ற அமைப்புகள் தந்த பண்ணைகளில் குடிசை போட்டனர். அவர்களில் பலரிடம் அன்றும் பிரசாவுரிமைப் பத்திரம் இல்லை. அந்த வழக்கைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. அவர்களுடைய காணி உறுதி வழக்கு வன்னியில் இன்னும் முடியவில்லை.

1960இல் சுந்தரலிங்கத்தை வென்ற சிவசிதம்பரம் காலத்து வவுனியா அடுத்த பகுதியில்.

(தொடரும்)